சொன்னவருக்கே அடி

பேகம்பூரிலிருந்து ஒரு கடிதம். நான்கு பக்கம். பெயர், தெரு எதையும் போடக் கூடாது என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. போடவில்லை. எழுதியவருக்கு 27 வயது. மதுரையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு எட்டு மாதமாகப் பழக்கம். 'டேட்டிங்' என்று நான் எழுதினால் கோபித்துக்கொள்வார். 'பேசிக்கிட்டிருக்கோம் சார்' என்றுதான் எழுதியிருக்கிறார். போன மாதம் அந்தப் பெண் இவரை உட்கார வைத்து, 'எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ உதட்டோரத்துல கொப்புளம் வரும். ஹெர்பிஸ்னு டாக்டர் சொல்லிட்டாரு. சின்னப் பிள்ளையில இருந்தே இருக்கு. ஒட்டக்கூடியது. மேற்கொண்டு பேசுறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்' என்று சொல்லியிருக்கிறார். இவரும் 'அதனால என்ன' என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் செல்போனில் பார்க்கக் கூடாத படங்களையெல்லாம் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. 'இது கெட்ட நோயா சார்? அத்தாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? விலகிடலாமான்னு யோசிக்கிறேன்.'

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் மருத்துவத்தைவிட விமரிசனத்துக்கு வேலை அதிகம்.

முதலில் அந்தக் கொப்புளம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. ஒன்றாம் நம்பர் பெரும்பாலும் வாயோடு நின்றுகொள்வது. இரண்டாம் நம்பர் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே. அந்தப் பெண் சொன்னது ஒன்றாம் நம்பராகத்தான் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் வருஷத்துக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேரிடம், அதாவது சுமார் 380 கோடிப் பேரிடம், இந்த ஒன்றாம் நம்பர் இருக்கிறது. பாதிக்கு மேல்! பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. தூக்கி வைத்துக் கொஞ்சிய பெரியம்மா, கடித்துக் கொடுத்த மிட்டாய், இப்படி. வந்தபின் முகத்து நரம்பின் முடிச்சு ஒன்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, பரீட்சை டென்ஷன் என்று உடம்பு கொஞ்சம் அசந்த நேரத்தில் எழுந்து உதட்டுக்கு வரும். சிலருக்கு வருஷத்துக்கு நாலு தடவை. பலருக்கு ஆயுசுக்கும் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. அவர்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

இது ஒன்றும் நமக்குப் புதுச் சரக்கு இல்லை. நம் வீடுகளில் இதற்கு எத்தனை பெயர்! சூட்டுக் கொப்புளம், காய்ச்சல் புண், பூச்சி கடி, ராத்திரி பல்லி எச்சம் பட்டது. கொஞ்சம் பரவினால் அக்கி. மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவோம். ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். (எழுதாவிட்டாலும் அதே பத்து நாள்தான். எழுதியவருக்கு வெற்றிலை பாக்கு லாபம்.) அக்கி என்று டாக்டர்கள் சொல்வது சின்னம்மை வைரஸின் வேலை, இதற்கு அது பங்காளி முறை. ஊர்க்காரர்கள் பங்காளிகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இத்தனை பெயரிலும் அவமானம் என்பது ஒரு துளி கிடையாது. உதட்டில் சூட்டுக் கொப்புளத்தோடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க மாமா' என்பதோடு சரி. அதே கொப்புளத்துக்கு ஹெர்பிஸ் என்று பெயர் வைத்தவுடன் அத்தாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்துவிட்டது. வைரஸ் மாறவில்லை. சொல்தான் மாறியிருக்கிறது.

அந்தச் சொல்லில் அவமானம் எப்போது ஏறியது என்பதற்கு ஏறக்குறைய தேதியே இருக்கிறது. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை ஹெர்பிஸை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. தலைப்பில் 'ஸ்கார்லெட் லெட்டர்' என்ற பிரயோகம். ஹாத்தார்ன் 1850-ல் எழுதிய நாவலின் பெயர் அது. ஒழுக்கம் தவறியதாகச் சொல்லி ஒரு பெண்ணின் மார்பில் சிவப்பு எழுத்தைக் குத்திவிட்டு ஊரே வேடிக்கை பார்க்கும் கதை. அந்தக் கட்டுரையின் கவலை முக்கியமாக இரண்டாம் நம்பரைப் பற்றி. ஆனால் முத்திரை குத்துகிறவர்கள் நம்பர் பார்த்துக் குத்துவதில்லை, இல்லையா? இதில் வேடிக்கை, அசைக்ளோவிர் களிம்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 1982-ல்தான். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மருந்தும் அவமானமும் ஒரே வருஷத்தில் கடைக்கு வந்தன. பேகம்பூர் வாசகரின் செல்போனுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவதுதான்.

நோயைத் தண்டனையாகப் பார்க்கிற புத்தியை நம் சினிமாவும் ஊட்டி வளர்த்திருக்கிறது. நாயகிக்கு வந்தால் ரத்தப் புற்றுநோய், மூக்கில் ஒரு சொட்டு ரத்தம், உடனே பாட்டு. அது புனிதமான நோய். தப்புப் பண்ணினவனுக்கு வேறு நோய். 2007-ல் வந்த சாமியின் 'மிருகம்' படத்தை நினைத்துப் பாருங்கள். ஊரைக் கலக்கும் முரடன், பெண்டாட்டியைப் படுத்துகிறவன், கடைசியில் எய்ட்ஸில் உருக்குலைகிறான். பத்மப்ரியாவின் நடிப்பை மறக்க முடியாது. படத்தின் நோக்கமும் விழிப்புணர்வுதான் என்றார்கள். ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வருகிறவன் மனசில் தங்குவது 'இவனுக்கு இது வேணும்' என்பதுதான். அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பெண் தன் உதட்டுப் புண்ணைப் பற்றி வாய் திறப்பாள்?

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று உண்டு. ஆன் எஸ். கிம், ப்ரியா கிரி தேசாய் இருவரும் எடுத்து 2017-ல் வெளிவந்த 'லவ்சிக்' என்ற ஆவணப்படம். டாக்டர் சுனிதி சாலமன் பற்றியது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தன் மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர். 1993-ல் தன் அப்பா பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தை ஆரம்பித்தார். அப்பா குடும்பம் சென்னையில் தோல் வியாபாரம். திண்டுக்கல்காரர்களுக்கு, அதுவும் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு, தோல் என்ற சொல்லோடு ஊர் எத்தனை அருவருப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த டாக்டரம்மா கடைசிக் காலத்தில் பார்த்த இன்னொரு வேலை, கல்யாணத் தரகு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. உள்ளவர்களையே ஜோடி சேர்ப்பது. படிப்பு, வருமானம், மதம், மொழி எல்லாம் பார்ப்பார்கள். கூடவே ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, வெள்ளை அணு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். பத்துப் பொருத்தத்தோடு பதினோராவது பொருத்தம்! படம் இரண்டு பேரைப் பின்தொடர்கிறது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பிரம்மச்சாரி, முதல் கணவனிடமிருந்து தொற்று வந்த ஒரு பெண். அழவைக்கும் இசை போட்டு நம்மைப் பிழிந்தெடுக்கக்கூடிய கதை. படம் அப்படிச் செய்யாமல், கல்யாணம் ஆக வேண்டுமே என்ற சாதாரண நச்சரிப்பில் கவனம் வைக்கிறது.

அந்த அலுவலகத்துக்குள் நுழைகிறவர்களுக்கு, 'எனக்கு இருக்கிறது' என்று சொல்வதுதான் நுழைவுச்சீட்டு. வெளியே அதே வாக்கியம் வீட்டை விட்டுத் துரத்தும். சொல்வதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் சம்பளம், சமையல், மாமியார் என்று இயல்பாகிவிடுகிறார்கள்! எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தாண்டி வந்தவர்களும் பழைய விருப்பு வெறுப்புப் பட்டியலைக் கையோடு கொண்டுவருகிறார்கள். படம் அதைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அங்கே கொஞ்சம் நின்று கிள்ளியிருக்கலாம். சுனிதி சாலமன் 2015-ல் காலமானார். படத்தின் பாதிப் பலம் அவருடைய முகம்தான்.

எச்.ஐ.வி.யையும் உதட்டுக் கொப்புளத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். கூடாது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சொல்வது என்ற செயல் இரண்டிலும் ஒன்றுதான். தானே சொல்வதும் அடுத்தவர் சொல்லிவிடுவதும் வேறு வேறு என்பதையும் அங்கேதான் பார்க்க முடிகிறது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் நாகாலாந்துக்காரர் ஒருவர் உறவினருக்காக ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. விஷயம் வெளியே கசிந்து, நிச்சயமான கல்யாணம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1998 தீர்ப்பில் அவருக்கு 'மிஸ்டர் எக்ஸ்' என்று பெயர். மருத்துவமனை செய்தது தப்பில்லை, குணமாகும்வரை இப்படிப்பட்டவரின் கல்யாண உரிமை நிறுத்தி வைக்கப்பட்ட உரிமை என்கிற அளவுக்கு நீதிபதிகள் போய்விட்டார்கள். 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தப் பேச்செல்லாம் அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் நாலு வருஷம். அந்த நாலு வருஷம் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்?

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். தம்பி, உங்கள் கணக்கு தப்பு. இந்தப் பெண்ணை விட்டு விலகி இன்னொருவரைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அவரிடமும் ஒன்றாம் நம்பர் இருப்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. அவருக்குத் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தும் 'பல்லி எச்சம்' என்பார். இவரோ எப்போது வரும், எப்படி வரும், எப்போது தள்ளியிருக்க வேண்டும் என்று தெரிந்தவர். தெரிந்ததைச் சொன்னவர். சொன்னவரை நிராகரித்துவிட்டுச் சொல்லாதவரைக் கட்டிக்கொள்வதற்கு ஜாக்கிரதை என்று பெயர் வைக்க முடியாது. இன்னொன்று, உங்களிடமே அது இருக்கலாம். சின்ன வயதில் உங்களைக் கொஞ்சாத குப்பியும் பெரியம்மாவும் உண்டா என்ன?

செவ்வாய் தோஷமா, என்ன சம்பளம், எத்தனை பவுன் என்று கூச்சமில்லாமல் கேட்கிற நாம் உடம்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்கிற ஒருத்தர் வந்தால் பயந்துபோகிறோம்.

'கெட்ட நோய்' விஷயத்துக்கு ஒரு வார்த்தை. கொடிய பால்வினை நோய் கணவனுக்கு இருந்தால் மனைவி விலகலாம் என்று 1939-ம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் பால்வினை நோய்க்கு இடம் உண்டு. இரண்டிலும் அதன் பக்கத்திலேயே தொழுநோயும் உட்கார்ந்திருந்தது. 2019-ல்தான் அதை எடுத்தார்கள். மாத்திரையில் குணமாகிற நோய்க்கு அத்தனை வருஷம் அந்த நாற்காலி. பெரியம்மா கொடுத்த முத்தத்தில் வந்த கொப்புளத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க எந்த வக்கீலாலும் முடியாது என்று நினைக்கிறேன்.

பயம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்றும் நான் சொல்லவில்லை. இது ஒட்டக்கூடியதுதான். வந்தால் ஆயுசுக்கும் போகாது. கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் கொஞ்சம் வரலாம், ஆகவே பூஜ்ய ஆபத்து என்று யாரும் எழுதித் தர முடியாது. உதட்டோரத்தில் குறுகுறுப்பு ஆரம்பித்ததிலிருந்து பொருக்கு உதிரும்வரை முத்தம் வேண்டாம். கட்டிலிலும் வாய்க்கு லீவு கொடுங்கள், ஏனென்றால் ஒன்றாம் நம்பர் கீழேயும் குடிபோகும். டம்ளர், ஸ்பூன், துண்டு தனியாக இருக்கட்டும். புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கக் கூடாது. அடிக்கடி வருகிறவர்கள் டாக்டரைக் கேட்டு அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் குறுகுறுப்பு தொடங்கும்போதே எடுத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாள் முன்பே ஆறிவிடும். எச்.ஐ.வி., கீமோதெரபி என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது சாதாரணக் கொப்புளமாக நிற்காது, அவர்கள் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. பிறந்த குழந்தை. முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் அதன் மூளை வரைக்கும் போகலாம், உயிரையும் எடுக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் உதட்டில் கொப்புளம் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் தள்ளி நின்று பார்த்துவிட்டு, காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். நன்னிமாரும் பாட்டிமாரும் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.