இரண்டு தீர்ப்புகள்

நியூயார்க் நகரின் நீதிமன்றம் ஒன்றில், 1971-ஆம் ஆண்டு மே திங்களில், நிறைமாதக் கருவுற்ற மங்கை ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வழக்கறிஞரை நாடாமல் தம் வழக்கைத் தாமே வாதிட்டார். வெடிகுண்டு வைக்கச் சதி செய்தனர் என்று கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் இருபத்தொருவர் மீது அரசு தொடுத்த வழக்கு அது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள்! ஒன்றேனும் நிலைக்கவில்லை. விசாரிக்கப்பட்ட அனைவரும் விடுதலை பெற்றனர். அம்மங்கையின் பெயர் அஃபெனி ஷகூர். விடுதலைக்குப் பின் ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து, ஜூன் 16-ஆம் நாள், அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பின்னாளில் அமெரிக்க ராப் உலகைக் கலக்கிய டூபாக் ஷகூர்.

பெயரிலேயே பிள்ளைக்குப் பாடம் தொடங்கிவிட்டது. பெரு நாட்டில் ஸ்பானியர் ஆட்சியை எதிர்த்து 1780-ஆம் ஆண்டு கொடி உயர்த்தி, மறு ஆண்டே கொடுமையாகக் கொல்லப்பட்ட வீரர் இரண்டாம் டூபாக் அமாரு. அவர் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார் தாய். முன்னோரை விலைக்கு வாங்கிய பண்ணை முதலாளிகளின் பெயர்களே தலைமுறை தலைமுறையாக ஒட்டிக் கிடந்த ஓர் இனத்தில், தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வது அலங்காரமன்று, உரிமை முழக்கம்!

கொள்கை இருந்தது அவ்வீட்டில், கூழ் இருக்கவில்லை. வாடகைக்கு வழியின்றி வீடு மாறினர். ஆதரவற்றோர் விடுதியிலும் தங்கினர். அவ்வறுமையினூடேதான் கலை அந்தச் சிறுவனைத் தேடி வந்தது. ஹார்லம் பகுதியின் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, 1984-ஆம் ஆண்டு, அப்போலோ அரங்கில் மேடையேறினார். வெள்ளையர் வாழும் தெருவில் வீடு வாங்க முனையும் கறுப்பினக் குடும்பத்தின் கதையை லொரேன் ஹான்ஸ்பெரி தீட்டிய நாடகம் அது; அதில் அக்குடும்பத்தின் சிறுவன் வேடம் அவருக்கு. பின்னர் குடும்பம் பால்டிமோர் நகருக்குப் பெயர்ந்தது. அங்குள்ள கலைப்பள்ளியில் நடிப்பும் கவிதையும் பாலே நடனமும் பயின்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். அந்நகரின் பொது நூலகம் நடத்திய ராப் போட்டியிலும் பங்குகொண்டார். நூலகத்தை நாடுங்கள், பள்ளியை விட்டுவிடாதீர் என்பதே அவர் அன்று எழுதிய பாட்டின் பொருள்.

ராப் என்பது பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே நிற்கும் கலை. தாளம் ஒலிக்க, எதுகை இயைய, சொல்லை அடுக்கடுக்காக வீசுவது. அது கல்லாதார் கூச்சல் என்று கைவிரல் நீட்டுவோர் பலர். அவர்கட்கு நாம் காட்டும் சான்று இக்கலைப்பள்ளி மாணவர்தான். தெருவின் மொழியில் அவர் பாடினார் என்றால், வேறு மொழி தெரியாததால் அன்று; தெருவில் நிற்போர்க்குத் தெரிந்த மொழி அது என்பதால்!

அப்பள்ளிப் படிப்பு முடியவில்லை. 1988-ஆம் ஆண்டு குடும்பம் கலிபோர்னியாவின் மேரின் நகருக்குச் சென்றது. நீதிமன்றத்தையே எதிர்கொண்ட தாயைப் போதைப் பழக்கம் வீழ்த்தியது. மகன் பள்ளியை விட்டார். நண்பர் வீடுகளில் உறங்கினார். லீலா ஸ்டைன்பர்க் என்னும் பெண்மணி நடத்திய கவிதை வகுப்பு அவருக்குக் கைகொடுத்தது. அவ்வழியே ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்னும் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. பெட்டி தூக்கவும் பின்னணியில் ஆடவும் சேர்ந்தவர், 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குழுவின் இசைத்தட்டில் குரல் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் தம் பெயரிலேயே முதல் தொகுப்பை வெளியிட்டார்.

அத்தொகுப்பின் மணிமுடி ‘பிரெண்டாஸ் காட் எ பேபி’ என்னும் பாடல். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, உறவினனால் கருவுற்று, பெற்ற குழந்தையைக் குப்பையில் எறிந்த செய்தியை நாளிதழில் படித்தார் டூபாக். நாம் அனைவரும் நாள்தோறும் இத்தகைய செய்திகளைப் படிக்கிறோம், ‘ஐயோ’ என்கிறோம், அடுத்த பக்கம் புரட்டுகிறோம். அவர் புரட்டவில்லை. அச்சிறுமியின் வீட்டினுள் நுழைந்தார். போதையில் கிடக்கும் தந்தை, கருவுற்றதைக் கவனிக்காத குடும்பம், கைவிட்டு நழுவிய கயவன், வேலை தராத ஊர், இறுதியில் உடலை விற்கத் தள்ளிய வறுமை, அதன் முடிவில் கொலை என்று படிப்படியாக நம்மை இழுத்துச் செல்கிறார். கதை தொடங்கியபின் முடியும் வரை பல்லவி குறுக்கிடுவதில்லை. இளைப்பாற இடமில்லை கேட்போர்க்கு. அவளுக்கு எங்கே இருந்தது இளைப்பாற இடம்?

‘கெட்டுப்போனவள்’ என்று ஒரே சொல்லில் கதையை முடிப்பது பழமைவாதியின் வழக்கம். கெடுத்தது எது என்று கேட்பது சீர்திருத்தக்காரனின் கடமை. அப்பாடல் அக்கடமையைச் செய்தது. ஆகவே அதனை இலக்கியம் என்கிறோம் நாம்.

ஆளவந்தாரோ வேறொன்று சொன்னார். 1992-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் காவலர் ஒருவரைச் சுட்டுக்கொன்ற இளைஞன், டூபாக்கின் ஒலிநாடா தன்னைத் தூண்டிற்று என்று வாதிட்டான். துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல், அத்தொகுப்புக்குச் சமுதாயத்தில் இடமில்லை, திரும்பப் பெறுக என்றார். காவலரைச் சாடும் கடுஞ்சொற்கள் அதில் உண்டு, நாம் மறைக்கவில்லை. தொகுப்பு வெளிவருவதற்கு முந்திய திங்கள்தான், சாலையை விதிமீறிக் கடந்தார் என்று சொல்லி ஓக்லந்து நகரக் காவலர் இருவர் தம்மைத் தாக்கினர் என ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டு டூபாக் வழக்குத் தொடுத்தார் என்பதையும் மறக்கவில்லை. கொலைகாரனின் சாக்கை நடுவர் குழுவும் ஏற்கவில்லை. 1993-ஆம் ஆண்டு அவனுக்கு மரண தண்டனையே விதித்தது. குப்பையில் கிடந்த குழந்தைக்கு இடமில்லாத சமுதாயத்தில் பாட்டுக்கு மட்டும் இடமில்லை என்று சினந்தால், நோய் எது, நோய் கூறுவோன் யார் என்று தெரியாத மருத்துவம் அது! பாடலை நாம் விடுதலை செய்கிறோம். இது முதல் தீர்ப்பு.

பாடலுக்கு விடுதலை அளித்த நாம், பாடகருக்கும் அளித்துவிடலாமா? இங்கேதான் ரசிகரும் நாமும் பிரிகிறோம்.

1993-ஆம் ஆண்டு வந்தது இரண்டாவது தொகுப்பு. அதில் ‘கீப் யா ஹெட் அப்’ என்றொரு பாடல். லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒரு புட்டிப் பழச்சாறு பற்றிய தகராறில், கடைக்காரரால் 1991-ஆம் ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்ட பதினைந்து வயதுப் பெண் லடாஷா ஹார்லின்ஸ். அக்கொலைக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. அப்பெண்ணுக்குப் படைக்கப்பட்டது அப்பாடல். ஏழைப் பெண்ணைத் தலைநிமிரச் சொல்கிறது. பெண்வழி வந்த ஆண் பெண்ணை ஏன் இழிக்கிறான் என்று கேட்கிறது. அதே தொகுப்பிலேயே இருக்கிறது ‘ஐ கெட் அரவுண்ட்’. பெண்ணைப் பொழுதுபோக்குப் பண்டமாக எண்ணிப் பீற்றிக்கொள்ளும் பாடல் அது. இரண்டும் விற்றன, இரண்டும் புகழ் தந்தன. ஒரே வாய்; இரு நாக்கு!

‘மனிதர் முரண்பட்டவர்தாமே’ என்பர் ரசிகர். ஆம், ஆனால் முரணின் விலையை யார் கொடுத்தார் என்று கேட்க வேண்டாவா? அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் விடுதி ஒன்றில் நடந்ததாகப் பெண் ஒருவர் முறையிட்டார். பாலியல் அத்துமீறல் குற்றத்தில் டூபாக் குற்றவாளி என 1994 டிசம்பரில் நடுவர் குழு கூறியது. கடுமையான வேறு குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார். எனினும் ஒன்றரை முதல் நாலரை ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1995-ஆம் ஆண்டு மூன்றாவது தொகுப்பு வெளிவந்து விற்பனையில் முதலிடம் பிடித்தது. ‘டியர் மாமா’ அதில்தான் இருக்கிறது. போதைக்கு இரையான தாயை, அக்குறையை ஒளிக்காமலே போற்றும் பாடல். 2010-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தாயைப் பாடினார் என்பதால் பிற பெண்டிர்க்கு இழைத்தது கழிந்துவிடாது. தாயைத் தெய்வமாக்கித் தாரத்தை அடிமையாக்கும் சமுதாயம் உலகில் ஒன்றிரண்டல்ல. பெண்ணின் மதிப்பு அவள் எவருக்கோ தாய் என்பதில் இல்லை. அவள் மனிதப்பிறவி என்பதில் இருக்கிறது. இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. லடாஷாவுக்குப் படைத்த பாடலில் அவரே சொன்னார். அவர் பாடலே அவருக்கு நீதிபதி. அதன் முன்னே அவர் குற்றவாளி. இது இரண்டாம் தீர்ப்பு.

1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் சுடப்பட்டு, ஆறு நாள் கழித்து, இருபத்தைந்தாம் வயதில் அவர் மாண்டார். திருந்த நாள் கிடைத்திருந்தால் திருந்தியிருப்பாரா? ஊகத்தில் இறங்க நாம் விரும்பவில்லை. இறந்தவுடன் அவரைச் சிலையாக்கினர் ஒரு சாரார். சுவரெல்லாம் அவர் படம். இழித்து எறிந்தனர் இன்னொரு சாரார். கற்சிலையை வணங்காதே என்று கற்றவர்கள், கவிஞனைச் சிலையாக்கி வணங்குவது முறையாகுமா?

பிரெண்டாவின் கதையை இளைஞர் கேட்கட்டும், கேட்டுக் கலங்கட்டும். கலங்கியபின், அதைப் பாடியவர் எங்கே தவறினார் என்பதையும் அறியட்டும். தலை வணங்காத தாயொருத்தி நீதிமன்றக் கூண்டில் நின்று கற்பித்த பாடம் அதுதான்: குற்றச்சாட்டை ஆராயாமல் ஏற்காதே; புகழையும் ஆராயாமல் ஏற்காதே!