விற்றவளும் விற்கப்பட்டவளும்

சிகானா மகளிர் இலக்கியத்தை ஆராயப் புகுவார் மலிஞ்சே என்னும் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது. 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிகோவின் வடபெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு உரியதாயிற்று. அந்நாட்டில் வாழும் மெக்சிகோ வழிவந்த மகளிருள் அரசியல் உணர்வோடு இப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவரே சிகானா மகளிர். 1960களில் ஓங்கிய இன உரிமை இயக்கத்துள் பெண்ணுரிமையும் பேசிய மகளிரை, மலிஞ்சேயின் வழியினர் என்று இழித்துரைத்த ஆடவர் பலர். இனத்தை விற்றவள் என்பது அவ்வசையின் பொருள்.

அவள் யாரை விற்றாள்? 1519இல் தபாஸ்கோப் போரில் தோற்ற தலைவர்கள் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸுக்குக் கையுறையாக அளித்த 20 மகளிருள் அவளும் ஒருத்தி. அதற்கு முன்னரே பெற்ற தாய் அவளைப் பிறரிடம் கொடுத்துவிட்டாள் என்று, உடன் சென்ற வீரர் பெர்னால் டியாஸ் எழுதுகின்றார். நாவாட்டில், மாயா ஆகிய இரு மொழியும் வல்லவளாதலின் மொழிபெயர்ப்பாளி ஆனாள். நாட்டு மக்கள் கோர்ட்டெஸையே அவள் பெயரால் அழைத்தனர் என்பதும் டியாஸ் தரும் செய்தியே. விற்கப்பட்டவளே விற்றவள் எனப்பட்டாள்.

ஒக்டாவியோ பாஸ் (1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர்) 1950இல் வெளியிட்ட நூலில், மக்களால் மன்னிக்கப்படாத தாயாக அவளைக் காட்டினார். ஆங்கும் அவள் செயலற்ற உருவமே. 1970களில் சிகானா மகளிர் சிலர் அவளைப் புதிய இனத்தின் அன்னை எனப் போற்றினர். வசைக்கு மாறாகப் புகழ் வந்தது, அவ்வளவே. அவள் எழுதியதாக ஒரு வரியும் எஞ்சாத நிலையில், இவ்விரண்டும் அவள் வாயில் பிறர் சொல்லை வைத்தலேயாம்.

செரீ மொராகா 1983இல் எழுதிய கட்டுரை இவற்றினும் ஆழமுடையது. வெள்ளையரை மணந்த தம் தாயையே மலிஞ்சேயாகக் கண்டு, அவ்வசையைத் தம் குடும்பத்துள் வைத்தே ஆராய்கின்றார். உடன்பிறந்தானுக்கு ஏவல் செய்து வளர்ந்த பெண்ணின் மனப்புண் அக்கட்டுரையில் மறைக்கப்படவில்லை. குளோரியா அன்சால்டூவா 1987இல் வெளியிட்ட எல்லைநிலம் பற்றிய நூலிலோ குற்றச்சாட்டே திருப்பப்படுகின்றது: காட்டிக்கொடுத்தவள் அவள் அல்லள், அவளைக் கைவிட்ட இனமே. ஆங்கிலமும் ஸ்பானியமும் விரவிய நடையில், பல இடங்களில் மொழிபெயர்ப்புத் தராமலே அவர் எழுதுகின்றார். மொழிபெயர்த்தவள் மீது சுமத்திய பழிக்கு இது தக்க விடை என்றே கருதுகின்றேன்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. அந்நூலில் நாவாட்டில் சொற்கள் தெய்வப் பெயர்களாகவும் குறியீடுகளாகவுமே பெரிதும் வருகின்றன. இன்றும் மெக்சிகோவில் 16 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பேசும் மொழி அது. அவர்தம் அன்றாடப் பேச்சுக்கு ஈண்டு இடம் இல்லை.