காப்பிரி: ஒரு சொல்லும் ஒரு தொகையும்

பிரெஞ்சுத் தளபதி இலாலி 1758 திசம்பர் முதல் 1759 பிப்பிரவரி வரை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். அதனை விரித்தெழுதிய இராபர்ட்டு ஓர்ம், கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியப் படைஞர் 1,758 பேர் என்பர். அத்தொகையுள் 89 காப்பிரிகளும் அடங்குவர். சிப்பாய்கள் 2,220 பேர் என்பது வேறு கணக்கு. ஆப்பிரிக்கர் ஐரோப்பியரோடு எண்ணப்பட்டமை பெருமை குறித்ததன்று. அவர் ஐரோப்பியப் பட்டாளங்களிற் கலந்து நிறுத்தப்பட்டனர் என்பதே காரணம். எண்ணிலே சேர்ந்தவர் பெயரிலே சேரவில்லை.

இனிச் சொல்லை நோக்குவாம். இறைமறுப்போரைக் குறித்த காபிர் என்னும் அரபுச் சொல் போர்த்துக்கேசியர் நாவில் திரிந்து, தமிழிற் காப்பிரி ஆயிற்று. சமயம் பற்றிய பழிச்சொல் நிறமும் நாடும் பற்றிய பெயராயிற்று என்க. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வழங்கும் இச்சொல்லை 'ஆப்பிரிக்க வீரர்' என மாற்றி மேற்கோள் காட்டுதல் நன்றன்று என்பது எம் கருத்து. காப்பிரிப் படைஞருட் பலர் அடிமைகளாய் வாங்கப்பட்டுக் கப்பலேறியோர். வீரர் என்ற ஒரு சொல் அவ்வடிமைத்தனத்தை மூடிவிடும்.

மெக்சிக்கோவை வென்ற எசுப்பானியப் படையில் நின்ற ஆப்பிரிக்கர் உவான் கர்ரீதோ 1538 இல் அரசர்க்கு விண்ணப்பம் விடுத்தார். தம் போர்த்தொண்டையும், அந்நாட்டில் முதன்முதற் கோதுமை விதைத்தமையையும் அதிற் குறித்தார். வென்றோர்க்கு உழைத்தவன் தன் கூலியைத் தன் வாயாற் கேட்ட சான்று அது. சென்னையின் 89 பேர்க்கு அத்தகைய ஏடு ஒன்றும் யாம் கண்டிலம்.

ஓர்ம் பூந்தமல்லியை எழுதும் முறையும் இத்தகையதே. 1752 இன் தொடக்கத்தில் இராசா சாகிபின் படை அப்பகுதியில் ஊர்கள் சிலவற்றை எரித்தது. பரங்கிமலையில் ஆங்கிலேயர் மனைகளைச் சூறையாடியது. மனைகள் எவருடையன என்பது தெரிகின்றது; எரிந்த குடிசைகள் எவருடையன என்பது தெரிந்திலது. கும்பினியின் நிலம் என்ற அளவிலேயே பூந்தமல்லி அவர்க்குப் புலனாயிற்று.

அம்முற்றுகைக் காலத்தே கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்த யூசுபுகான் நிலை வேறு. கும்பினியின் சிப்பாய்த் தலைவனாயிருந்த அவன், பின்னர் மாறுபட்டு, 1764 அக்தோபர் 15 இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் அவன்மேற் பிறந்தது. நம் கதைப்பாடல் எதிர்த்தவனைப் பாடும். கூலிக்கும் கட்டாயத்துக்கும் நின்று மடிந்தவனைப் பாடுவது அரிது. இதனைப் பாடலின் குறையென்று யாம் சொல்லோம்; ஆயினும் பாடலை மட்டும் சான்றாகக் கொண்டு அக்காலத்தை எழுதுவார் இதனை மறத்தல் கூடாது.

நாட்குறிப்பிற் காப்பிரி என்னும் சொல் வருமிடங்களை நாள்முறையே தொகுத்து, எவ்விடத்து ஏவலர், எவ்விடத்துப் படைஞர் எனப் பிரித்தறிதல் முதற்கண் செயற்பாலது.