மூழ்காத குமரியில் யார் வாழ்ந்தனர்?

குமரிக்கண்டம் கடல்கோளுக்கு இரையாகாது நிலைத்திருந்தால் தமிழர் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும்? கற்பனைக்கு இடந்தரும் வினாவே. ஆயின் அதனை எடுத்தாள்வோர் அரண்மனைக்கும் சங்க மண்டபத்துக்கும் அப்பாற் செல்வது அரிது.

விஞ்ஞானம் இத்தகைய கண்டத்தை என்றோ கைவிட்டது. லெமூர் விலங்குகள் மடகாஸ்கரிலும், அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்கவே 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் லெமூரியாவைக் கற்பித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று 1912இல் வெகெனர் கூறினார். 1960களில் அக்கருத்து உறுதிப்பட்டதும், மூழ்கிய கண்டத்துக்குத் தேவையில்லாது போயிற்று.

கதைக்கு நிலவியற் சான்று வேண்டியதில்லை. சமூக உண்மை வேண்டும். கடல்கொண்ட 49 நாடுகளைப் பற்றிச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கூறுகிறார். அந்நாடுகளில் நாற்று நட்டவர் யார்? விளைந்த நெல் எவர் களஞ்சியத்தை நிறைத்தது? நம் கற்பனையாளர் கேட்பதில்லை.

கலித்தொகையின் முல்லைப் பாடலொன்று இவர்களினும் நேர்மையானது. தன் நிலத்தைக் கடல் கொள்ளவே, பாண்டியன் சோழ சேரரின் நிலத்தைக் கைப்பற்றி ஈடுசெய்தான் என்கிறது அது. புலவர் அதனைப் புகழாகவே பாடினார், எனினும் மறைக்கவில்லை. மன்னனின் இழப்புக்கு விலை கொடுத்தவர் பிறரே.

ஆகவே, நிலம் மூழ்காதிருப்பின் நிலவுடைமையும் போரும் ஏற்றத்தாழ்வும் உடனிருந்திருக்கும். இதனை எழுதத் துணிவதே மாற்று வரலாறு. ஏனையவை பழைய அரசருக்குப் புதிய சிம்மாசனங்கள். இழந்த கண்டத்துக்காகக் கண்ணீர் சிந்தும் வாசகன், தன்னூரிற் காணியற்று நிற்பவனைக் காண்பதில்லை. அவனைக் காணச் செய்வதே எழுத்தாளனின் கடன்.