ஆலோசகரும் நடுவரும்

அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் வில்லியம் டோஹர்ட்டி 1995இல் வெளியிட்ட ‘சோல் சர்ச்சிங்’ என்னும் நூல், மணமுறிவின் விளிம்பில் நிற்போரிடம் அவரவர் நலனை மட்டும் வினவி, கொடுத்த வாக்கையும் பெற்ற மக்களையும் பேசாதொழியும் சிகிச்சை முறையைக் கண்டிக்கிறது. இக்கண்டனத்தை நாம் மனமுவந்து ஏற்கிறோம். ஆயினும், நினைவூட்டல் எவ்விடத்தில் தீர்ப்பாகிவிடுகிறது?

திருக்குர்ஆன் (4:35) இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தச் சொல்கிறது. அந்நடுவர் தாமே மணத்தைப் பிரிக்கலாம் என்றார் இமாம் மாலிக் (ரஹ்). தம்பதியர் ஒப்படைத்தாலன்றி ஆகாது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). உறவினரான நடுவருக்கே வரம்பு இத்துணை ஆராயப்பட்டிருக்க, கட்டணம் பெறும் அந்நியர் பிரிக்கவோ சேர்க்கவோ முடிவெடுப்பதை நாம் ஒப்போம். அடிக்கு அஞ்சி வந்தவளிடம் மண உறுதியைப் போதிப்பவர் அறிவுரையின் பெயரால் தீர்ப்பே வழங்குகிறார். அவளுடைய பாதுகாப்பையன்றோ அவர் முதலில் விசாரித்திருக்க வேண்டும்!