ஆளுக்குச் சம்பளம், ஆய்வுக்குச் சில்லறை

உளவியலிலோ கல்வியியலிலோ முனைவர் பட்டம் செய்ய வருகிறவர் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால், இந்தியாவில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுது, ஜே.ஆர்.எஃப். வாங்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இந்த இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. குறை சொல்லுமுன் இதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். விடைத்தாளைத் திருத்தும் கணினிக்கு எழுதியவரின் ஊரோ சாதியோ நெறியாளரின் செல்வாக்கோ தெரியாது. இட ஒதுக்கீடு உண்டு. தேறியவர் தமக்குப் பொருத்தமான பல்கலைக்கழகத்தில் சேரலாம், பணம் அவர் பின்னால் வரும். ஐந்து ஆண்டு வீட்டை எதிர்பார்க்காமல் படிக்கலாம் என்ற உறுதியை முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்த அளவில் கொடுத்த திட்டம் வேறு இல்லை. (வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பதால், தமிழ் வழியில் எம்.எட். முடித்தவருக்கு இந்தச் சமநீதி கொஞ்சம் குறைவுதான்.) 2024 ஜூன் 18இல் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்ய நேர்ந்தது. அது நடத்தும் முறையின் சீர்கேடு. நான் எடுத்துக்கொள்ளும் குறை, தேர்வு ஒழுங்காக நடந்தாலும் இருக்கிற குறை.

மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்கள். அதில் தேறுகிறவர் என்ன ஆராயப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வுத் தலைப்பு பிறகு வருகிறது. பணம் ஆளுக்குத்தான், கேள்விக்கு அல்ல. கணக்குப் போட்டால் இது பளிச்சென்று தெரியும். முதல் இரண்டு ஆண்டு 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000 என்றால், வாடகைப் படியை விட்டுவிட்டாலும் ஒருவருக்கு 24 லட்சம். ஆய்வுச் செலவுக்கென்று தரும் கன்டின்ஜென்சி, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு 10,000 வீதம், பிறகு 20,500 வீதம். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 81,500 ரூபாய். நூற்றுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. மாத உதவித்தொகை 25,000இலிருந்து 31,000 ஆகி, 37,000 ஆகியும் இந்தத் தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

இந்த 81,500க்குள் புத்தகம், ஜெராக்ஸ், தட்டச்சு, களப்பயணம் எல்லாம் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள ஒரு மனச்சோர்வு அளவுகோலைத் தமிழில் பயன்படுத்த மொழிபெயர்ப்பு, மறு மொழிபெயர்ப்பு, முன்னோட்டச் சோதனை, நம்பகத்தன்மைக் கணக்கு என்று அடுத்தடுத்து வேலை இருக்கிறது. உரிமம் பெற்ற நுண்ணறிவுச் சோதனைப் பெட்டி ஒன்றின் விலைக்கே முதலாண்டுத் தொகை காணாது. வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு ஆறு மாதம் பயிற்சி தந்து பலனை அளக்க வேண்டுமானால் வாரந்தோறும் பள்ளிக்குப் போக வேண்டும், பயிற்றுநருக்கு ஊதியம் தர வேண்டும். ஆகவே நடப்பது என்ன? ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்தவை வந்துகொண்டே இருக்கும்: ஏதோ ஒரு மாவட்டத்து மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும். ஆயத்தமான வினாநிரல், சில நூறு மாணவர்கள், ஒரே முறை நிரப்பி வாங்கல். பிறகு ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று பிரித்து ‘டி’ சோதனை. ஆய்வாளருக்குக் கற்பனை வறட்சி என்று நெறியாளர்கள் சலித்துக்கொள்வார்கள். கற்பனை இருக்கிறவரும் கையிலிருக்கும் காசுக்குள் அடங்குகிற கேள்வியைத்தான் கேட்க முடியும். பயிற்சியின் குறையும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நன்கு பயின்றவரும் ஓராண்டு தொடர்ந்து ஒரு வகுப்பறையைக் கவனிக்கும் ஆய்வை எந்தத் தொகையில் செய்வார்?

இன்னொரு விளைவு, யார் வெளியே நிற்கிறார்கள் என்பது. பொதுப்பிரிவு ஆண்களுக்கு ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு சலுகை. பகுதிநேர ஆய்வாளருக்கு இடமே இல்லை. பி.எட்., எம்.எட். இரண்டும் இரண்டிரண்டு ஆண்டாகிவிட்ட பின், பட்டப்படிப்பும் முடித்து வருகிறவருக்கு வயது இருபத்தைந்தைத் தொட்டுவிடும். அதன்பிறகு பத்து ஆண்டு அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி, அந்த அனுபவத்திலிருந்து ஒரு கேள்வியோடு ஆய்வுக்கு வரும் ஆசிரியருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. கல்வி ஆய்வுக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? 2021-22இல் நாடு முழுதும் முனைவர் பட்டப் பதிவில் இருந்தவர்கள் 2 லட்சத்து 13 ஆயிரம் பேர் அளவில். ஒவ்வொரு நெட் சுற்றிலும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஜே.ஆர்.எஃப். கிடைப்பது ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவருக்கு மாதம் 8,000. அதையும் நிறுத்த 2015இல் முடிவெடுத்து, மாணவர்கள் போராடிய பிறகு தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் உண்டு, அது பெரிய உதவி. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000, ஆனால் அதற்கும் தேர்வுதான் வாசல். சமூக அறிவியல் ஆய்வுக்கான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., பள்ளிக் கல்விக்கான என்.சி.இ.ஆர்.டி. ஆகிய இரண்டு தேசிய அமைப்புகளும் உதவித்தொகை தருமுன் ஆய்வு முன்மொழிவைப் படித்துப் பார்க்கின்றன. அங்கே இடங்கள் குறைவு.

முன்மொழிவைப் பார்த்துப் பணம் கொடுத்தால் சிபாரிசு நுழையும், நல்ல ஆங்கிலம் எழுதும் பெருநகரப் பிள்ளைகளே வாங்கிப்போவார்கள் என்பது வலுவான மறுப்பு. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஜே.ஆர்.எஃப்.பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கச் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கான பணம் தேர்வு வழியே வரட்டும். ஆய்வுச் செலவுக்கான பணம் தனியாக, பதிவு உறுதியான பின், முன்மொழிவின் பேரில் வரட்டும். பெயரும் கல்லூரியும் மறைத்து, வேற்று மாநிலத்தில் பணிபுரியும் இருவர் படித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் ஏற்க வேண்டும், மதிப்பிடுபவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். பொய் ரசீது வரும் என்பார்கள். இன்றைய கன்டின்ஜென்சியிலும் ரசீதுதான் கேட்கிறார்கள், புதிதாக ஒரு கேடு சேரப்போவதில்லை.

அமெரிக்காவைப் பார் என்று சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே தேசியக் கல்வி அகாதமியும் ஸ்பென்சர் அறக்கட்டளையும் சேர்ந்து கல்வி ஆய்வேட்டுக்குத் தரும் 27,500 டாலர் புகழ்பெற்றது. ஆனால் அது 35 பேருக்கு, அதுவும் தரவு சேகரித்து முடித்து எழுதும் கட்டத்தில் இருப்பவருக்கு. நமக்குத் தேவை வேறு: சிறிய தொகை, நிறைய பேருக்கு, களத்தில் இறங்குமுன். உளவியல், கல்வியியல் ஆய்வாளர்கள் 2,000 பேருக்கு, பகுதிநேரத்தாரையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் 20 கோடி ஆகும். 83 பேருக்கு ஐந்து ஆண்டு தரும் உதவித்தொகை அவ்வளவுதான். அடுத்த முறை மானியக் குழு உதவித்தொகையை உயர்த்தும்போது, கன்டின்ஜென்சித் தொகையையும் எடுத்துப் பார்க்கட்டும்.