பாலீறும் உளவள ஆலோசனையும்

ஆண்மை திரிந்த பெயர்க்குத் தனக்கென ஈறின்று. அஃது உயர்திணைப் பாலீற்றையே கொள்ளும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறும் விதி. எவ்வீறு என்பதைத் தெரிவார் யார்? சுட்டப்படுவாரே என்பது இன்றைய உளவள ஆலோசகர் கொள்கை. பால் அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தடைசெய்தது. 2022-இல் தமிழக அரசு கலைச்சொற்பட்டியல் வெளியிட்டது. பட்டியல் தருவன பெயர்கள். இடர்ப்பாடோ வினைமுற்றில் உளது. தன்மை முன்னிலைகளிற் பால் தோன்றாமையின், ஆலோசகரும் வந்தவரும் தனித்திருக்கையில் இடரின்றி உரையாடுவர். பெற்றோர் வந்தமர்ந்து படர்க்கை புகுந்ததும், 'வந்தான்', 'வந்தாள்' என்னும் பூசல் எழும். 'வந்தார்' ஒருவாறு காக்கும். ஆயினும், 'மகள்' எனப்பெற விழைவார்க்கு அது பாதி விடையே. ஆகவே, குறிப்பேட்டில் எழுதும் ஈற்றையும் ஆலோசகர் அவரொடு கலந்தே துணிதல் வேண்டும். வீட்டை அஞ்சுவார் தனிமையில் ஓரீறும் பெற்றோர்முன் வேறீறும் வேண்டுவர். அதனை முரண் என்றல் பொருந்தாது.